மிதவைப் புள்ளி எண்களை அச்சிடுதலின் வரலாறு

ஒன்றைப் பத்தால் வகுத்து விடையை அச்சிடச் சொன்னால், 1970 வாக்கில் இருந்த சில கணினிகள் 0.0999999 என்பது போன்ற ஒன்றைக் காட்டின. பள்ளி மாணவருக்கும் தெரிந்த 0.1 என்ற விடையைக் கணினி ஏன் எழுதுவதில்லை என்ற கேள்விக்குத் தெளிவான தீர்வு அச்சேற ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின.

சிக்கலின் வேர் எண்முறையில் உள்ளது. பெரும்பாலான கணினிகள் மிதவைப் புள்ளி எண்களை இரும முறையில் சேமிக்கின்றன. மூன்றில் ஒரு பங்கைப் பதின்ம முறையில் எழுதினால் 0.333... என்று முடிவின்றி நீள்வது போல, பத்தில் ஒரு பங்கு இரும முறையில் முடிவின்றி நீளும். 1985இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தின் இரட்டைத் துல்லிய வடிவத்தில் 53 பிட்டுகளுக்கே இடமுண்டு. எனவே 0.1 என்று நாம் எழுதுவது உள்ளே 0.10000000000000000555... என்றே தங்குகிறது. இதை முழுமையாக எழுதப் புள்ளிக்குப் பின் 55 இலக்கங்கள் வேண்டும்.

இவற்றில் எத்தனை இலக்கங்களை அச்சிடுவது? 1957இல் வந்த ஃபோர்ட்ரான் இந்த முடிவை நிரலரிடமே விட்டது. எத்தனை இடங்கள், எத்தனை தசமங்கள் என்பதை அவர் முன்கூட்டியே குறிப்பிட வேண்டும். சி மொழியின் பிரிண்ட்எஃப் கட்டளையும் அதே வழியில் சென்றது. அட்டவணைகளுக்கு இது அழகுதான். ஆனால் தசமங்களின் எண்ணிக்கையைக் குறிப்பிடாவிட்டால் அந்தக் கட்டளையின் வழக்கமான தசம வடிவம் ஆறு இடங்களோடு நின்றுவிடும், 0.0000001 என்ற எண் 0.000000 என்று அச்சாகும். அதைக் கோப்பில் சேமித்துப் பின்னர் படித்தால் எண்ணே காணாமல் போயிருக்கும்.

ஓர் இரும எண் எழுத்தாக மாறி, மாறாமல் திரும்பிவர எத்தனை இலக்கங்கள் வேண்டும் என்பதை டேவிட் மட்டுலா 1968இல் ஆராய்ந்து வெளியிட்டார். அந்தக் கணக்குப்படி 53 பிட்டுகளுக்கு 17 இலக்கங்கள் போதும். இழப்பு இல்லை; ஆனால் எப்போதும் 17 எழுதினால் 0.1 என்பது 0.10000000000000001 ஆகிவிடுகிறது. பைத்தான் மொழி பல ஆண்டுகள் இப்படித்தான் காட்டிப் புதியவர்களைக் குழப்பியது. 2009இல் வந்த 3.1 பதிப்பில்தான் அது வெறும் 0.1 ஆயிற்று.

அந்த மாற்றத்துக்கு அடிப்படையான கருத்து 1990இல் கை ஸ்டீல், ஜான் வைட் ஆகியோர் வெளியிட்ட கட்டுரையில் உள்ளது. திரும்பப் படிக்கும்போது அதே எண்ணைத் தரக்கூடிய மிகக் குறுகிய வடிவத்தை எழுத வேண்டும் என்பதே அது. ஆகவே 0.1 போதும். அதே வேளையில், 0.1உடன் 0.2ஐக் கூட்டினால் வரும் 0.30000000000000004 பிழையான அச்சு அன்று. அந்தக் கூட்டுத்தொகையும் 0.3 என்று எழுதினால் கிடைக்கும் எண்ணும் உள்ளே வெவ்வேறு; இரண்டையும் 0.3 என்று அச்சிடுவதே பொய்யாகும். எழுத்தைச் சரியான எண்ணாகப் படிக்கும் முறையை வில்லியம் கிளிங்கர் அதே மாநாட்டில் முன்வைத்தார். படிப்பவர் சரியாகப் படிக்காவிட்டால் எழுதுபவரின் உறுதிமொழிக்குப் பயனில்லை.

ஸ்டீலும் வைட்டும் தந்த படிமுறையின் பெயர் டிராகன்4. மிகப் பெரிய முழு எண்களைக் கையாள வேண்டியிருந்ததால் அது மெதுவானது. பெல் ஆய்வகத்தின் டேவிட் கே அதே ஆண்டில் விரைவான நிரலை எழுதினார். பைத்தான் பின்னர் எடுத்துக்கொண்டது அதைத்தான். 2010இல் ஃப்ளோரியன் லாய்ட்ச் உருவாக்கிய கிரிசு, 64 பிட் முழு எண்களாலேயே வேலையை முடித்தது. அதன் மூன்றாம் வடிவம் ஏறத்தாழ 99.5 விழுக்காடு எண்களுக்கு விடை தரும். எஞ்சியவற்றைப் பழைய முறையிடம் ஒப்படைக்கும். 2018இல் உல்ஃப் ஆடம்ஸ் வெளியிட்ட ரியூ அந்தக் குறையையும் நீக்கியது. கிரிசு ஓர் இத்தாலியக் கேலிச்சித்திர டிராகன். ரியூ என்றால் ஜப்பானிய மொழியில் டிராகன். பரம்பரைப் பெயரை யாரும் விடவில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் 1997ஆம் ஆண்டின் முதல் தர வரையறையிலேயே குறுகிய வடிவத்தைக் கேட்டது. ஜாவாவோ தன் ஆவணம் சொன்னதற்கு மாறாகச் சில எண்களுக்குத் தேவையற்ற இலக்கங்களை நெடுங்காலம் அச்சிட்டு வந்தது. 2022இல் வந்த 19ஆம் பதிப்பில்தான் அது திருத்தப்பட்டது.