கொல்லயில் வட்டார வரலாற்று வீடுகள்

கொல்லயில், கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. தனுவச்சபுரம் இதற்குள் அடங்கும். தெற்கே பாறசாலை, அதைத் தாண்டினால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. வடக்கே நெய்யாறும் நெய்யாற்றின்கரை நகரமும் உள்ளன. திருவிதாங்கூரின் பழைய தலைநகரான பத்மநாபபுரத்தையும் புதிய தலைநகரான திருவனந்தபுரத்தையும் இணைத்த அரசபாதை இந்த ஊர்களின் ஓரமாகவே சென்றது. அரசர்கள், சிறைப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள், சாமி ஊர்வலங்கள் எல்லாம் இவ்வழியாகப் போயின. ஆகவே இந்த வட்டாரத்துப் பழங்கட்டடங்களை ஒரே ஊராட்சியின் எல்லைக்குள் நிறுத்திப் பேச முடியாது. அந்தப் பாதையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

வீட்டைக் குறிக்கும் சொற்களே இங்கு ஒரு வரலாறு. அரசர் வாழ்ந்தது கொட்டாரம், நம்பூதிரி வாழ்ந்தது இல்லம் அல்லது மனை, நாயர் வாழ்ந்தது வீடு அல்லது பவனம். கைவினைஞருக்குக் குடி அல்லது புரை, புலையருக்குச் சாளை. வாழ்பவரின் சாதியைச் சொல்லாமல் அவர் வீட்டின் பெயரைக்கூடச் சொல்ல முடியாத நிலை அன்று இருந்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார்கள் ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்ற தடையும் நிலவியது. குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் இருந்த தடைகளோடு சேர்ந்தது அது. இன்று நாம் வரலாற்று வீடுகள் என்று பட்டியலிடும் கட்டடங்கள் பெரும்பாலும் கட்ட அனுமதி பெற்றவர்களின் வீடுகள். பெரும்பான்மை மக்கள் வாழ்ந்த மண்சுவரும் ஓலைக்கூரையும் நிலைத்திருக்கவில்லை. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இந்த விடுபடலை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும்.

நாலுகெட்டும் அறப்புரையும்

வசதியுள்ள குடும்பங்களின் வீடு நாலுகெட்டு அமைப்பில் இருந்தது. வானம் தெரியும் நடுமுற்றத்தைச் சுற்றி வடக்கினி, தெக்கினி, கிழக்கினி, படிஞ்ஞாற்றினி என்று நான்கு பகுதிகள் அமையும். இரண்டு முற்றம் இருந்தால் அது எட்டுக்கெட்டு. கூரைநீர் முற்றத்தில் விழுந்து ஓடையில் வெளியேறும். கோடைக்காற்றும் அதே வழியில் உள்ளே வரும். நீண்டு இறங்கும் கூரை, சாரலிலிருந்தும் வெயிலிலிருந்தும் சுவரைக் காக்கும். வீட்டின் உயிர்நிலை அறைதான். தடித்த பலகைகளாலேயே சுவரும் தளமும் மச்சும் அமைத்து, நெல்லும் நகையும் ஓலைச்சுவடியும் அதற்குள் வைத்தார்கள். அறை உள்ள பகுதியை அறப்புரை என்பார்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் இதே சொல்தான் வழங்குகிறது. நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி பத்தாயம்.

தேக்கு, அயினி, பலா ஆகியவை முதன்மையான மரங்கள். ஆசாரிமார் ஆணியைப் பெரிதும் நம்பாமல் பொருத்தும் குடுமியுமாக இணைத்தனர். ஆகவே முழு வீட்டையும் கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுத்த முடியும். இந்தத் தொழில்நுட்பமே பின்னாளில் அந்த வீடுகளின் அழிவுக்கும் வசதி செய்து கொடுத்தது. அதைக் கீழே காணலாம்.

பத்மநாபபுரம்

இந்த மரவீட்டு மரபின் உச்சம், களியக்காவிளைக்குத் தெற்கே தக்கலையை அடுத்துள்ள பத்மநாபபுரம் அரண்மனை. ஊரின் பழைய பெயர் கல்குளம். இரவிவர்ம குலசேகரப் பெருமாள் 1601-இல் அரண்மனையைக் கட்டத் தொடங்கியதாகக் கூறுவர். இங்குள்ள தாய்க்கொட்டாரம் அதற்கும் பழையது என்பது மரபு. அனிழம் திருநாள் மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) இதை விரிவாகப் புதுப்பித்தார். 1750-இல் தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசாமிக்கு ஒப்படைத்து, சாமியின் தாசனாக ஆளத் தொடங்கினார். கல்குளத்தின் பெயரும் பத்மநாபபுரம் ஆயிற்று.

அந்த ஒப்படைப்பு கட்டடத்திலேயே தெரிகிறது. நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகையின் உச்சிநிலை சாமி பள்ளிகொள்ளும் அறை. அங்கே மனிதர் படுப்பதில்லை. சுவர்களில் ஓவியங்களும் கட்டிலருகே விளக்குகளும் உண்டு. கீழ்நிலை கருவூலமாக இருந்தது. அரசரின் மூலிகைக் கட்டில் 64 வகை மருந்து மரங்களால் ஆனது என்பார்கள். மந்திரசாலையில் நிறமூட்டிய அபிரகத் தகடுகள் பதித்த சாளரங்கள் வெளிச்சத்தை மென்மையாக்கி உள்ளே விடுகின்றன. சுண்ணாம்பு, மணல், சிரட்டைக்கரி, முட்டை வெண்கரு ஆகியவற்றைக் குழைத்து இழைத்த கருந்தளம் இன்றும் முகம் பார்க்குமளவு பளபளக்கிறது. இரண்டு தளங்கள் கொண்ட ஊட்டுப்புரையில் தளத்துக்கு ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உண்ண முடிந்தது. இவ்வளவு பெரிய அரண்மனையில் பொன்முலாம் கிடையாது. ஒரு பெரிய தறவாட்டு வீட்டை, அதாவது கூட்டுக்குடும்ப வீட்டை, மேலும் மேலும் கட்டிக்கொண்டே போனதுபோல் இருக்கிறது. இந்திய அரண்மனைகளில் இதற்கிணையான அடக்கம் அரிது என்றே சொல்ல வேண்டும்.

கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 1795-இல், தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியது. நவராத்திரி விழாவும் சுவாதித் திருநாள் காலத்தில் அங்கே மாறியது. ஆனால் சரஸ்வதி இங்கேயே இருக்கிறாள். ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். சரஸ்வதி சிலையைக் கம்பர் பூசித்தார் என்பது நம்பிக்கை. அரண்மனையில் உடைவாள் கைமாறிய பின் ஊர்வலம் புறப்படும். முதல் இரவு குழித்துறை, மறுநாள் களியக்காவிளையில் கேரளத்தின் வரவேற்பு, பாறசாலை வழியாக இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை. வழியெங்கும் வீட்டுவாசலில் விளக்கேற்றிக் காத்திருக்கும் மக்களுக்கு மாநில எல்லை ஒரு தடையாகத் தெரிவதில்லை.

எட்டு வீடும் ஒரு பலாவும்

மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்த பிரபுக்கள் எட்டு வீட்டுப் பிள்ளைமார் எனப்பட்டனர். வீட்டின் பெயரே அதிகாரத்தின் பெயர். கழக்கூட்டம், செம்பழந்தி, பள்ளிச்சல், வெங்ஙானூர் போன்ற ஊர்ப்பெயர்கள் அவ்வீடுகளோடு ஒட்டியவை. இளவரசராக இருந்தபோது மார்த்தாண்ட வர்மா இவர்களிடமிருந்து தப்பி நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்துக்குள் ஒளிந்தார் என்றும், ஒரு சிறுவன் அந்த இடத்தைக் காட்டினான் என்றும், அச்சிறுவன் கண்ணனே என்றும் கதை வழங்குகிறது. அரசரான பின் அங்கே கிருஷ்ணசாமி கோயிலை எழுப்பினார். அம்மச்சிப் பிலாவு என்ற அந்தப் பலாவின் உட்குடைந்த அடிமரம் கோயில் வளாகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

பிள்ளைமாரின் வீடுகள் இடிக்கப்பட்டு, மனை இருந்த இடத்தில் குளம் தோண்டப்பட்டது என்கிறது மரபு. ஒரு குடும்பத்தைத் தண்டிக்க அதன் தரையையே இல்லாமல் செய்வது எத்தகைய தண்டனை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஓர் இரவு அடைக்கலம் தந்த மரம் வழிபாட்டுப் பொருளாக, எதிர்த்தவர்களின் வீடு நீருக்கடியில் போயிற்று. சி. வி. ராமன் பிள்ளையின் 1891-ஆம் ஆண்டு நாவல் ‘மார்த்தாண்டவர்மா’ அரசர் பக்கத்தின் கதையைப் பரப்பியது. முந்தைய அரசரின் மகன்களான, கொல்லப்பட்ட தம்பிமாரின் கதையோ தென்திருவிதாங்கூரில் தமிழ் வில்லுப்பாட்டாகத் தலைமுறைகளாகப் பாடப்பட்டது.

ஒரு பெஞ்சும் ஓர் ஆற்றங்கரையும்

அரண்மனைக்கு ஈடான வரலாறு ஓர் எரிந்த மரப்பலகைக்கும் உண்டு. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863–1941), 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியை அன்றைய நெய்யாற்றின்கரை வட்டத்து ஊரூட்டம்பலம் பள்ளிக்குக் கைபிடித்து அழைத்துச் சென்றார். அவள் உட்கார்ந்ததைப் பொறுக்காத மேல்சாதியினர் பள்ளிக்குத் தீ வைத்தனர். பாதி எரிந்த பெஞ்சு ஒன்று அப்பள்ளியில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. பள்ளிக்கு 2022-இல் அய்யன்காளி, பஞ்சமி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது.

நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் 1888 சிவராத்திரியன்று நாராயண குரு சிவலிங்கப் பிரதிட்டை செய்தார். ஈழவர் ஒருவர் பிரதிட்டை செய்வது அன்று நினைத்தும் பார்க்க முடியாதது. அவர் பிறந்த செம்பழந்தி வயல்வாரம் வீடு ஓலைக்கூரையுடனேயே காக்கப்படுகிறது. எளிய வீடொன்று அதன் எளிமையோடு நிற்பது இந்த வட்டாரத்தில் அபூர்வம்.

நாடுகடத்தலும் திரும்பிவரலும்

நெய்யாற்றின்கரையை அடுத்த அதியன்னூரில் 1878 மே 25-இல் பிறந்த கே. ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி தொடங்கிய ‘சுவதேசாபிமானி’ இதழின் ஆசிரியர். திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26-இல் அச்சகத்துக்கு முத்திரை வைத்து அவரை நாடு கடத்தினர். ஆரல்வாய்மொழி எல்லை தாண்டித் திருநெல்வேலிக்குக் கொண்டு செல்லப்பட்டார். அந்தப் பாதை அவர் பிறந்த மண் வழியாகவே செல்கிறது. பிறகு அவர் திருவிதாங்கூர் திரும்பவே இல்லை. 1916 மார்ச் 28-இல், 37 வயதில், கண்ணூரில் இறந்தார்.

நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஜி. ராமச்சந்திரன் (1904–1995) தமிழருக்கு நெருக்கமானவர். காந்தியின் மாணவரான அவரும் அவர் மனைவி மருத்துவர் டி. எஸ். சௌந்தரமும் 1947-இல் திண்டுக்கல் அருகே சின்னாளபட்டியில் காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம், டி. வி. எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். நெய்யாற்றின்கரை ஊருட்டுகாலவில் தாயின் பெயர் தாங்கிய மாதவி மந்திரம் என்ற தம் வீட்டை ராமச்சந்திரன் காந்தியப் பணிகளுக்கான அறக்கட்டளை ஆக்கினார்.

பாகப்பிரிவினைக்குப் பின்

தறவாட்டு வீடுகளை அழித்தது போரோ வெள்ளமோ அல்ல. மருமக்கள்வழி முறையில் தாய்வழிக் குடும்பம் முழுதும் ஒரே சொத்தில் வாழ்ந்தது. அம்முறையின் அவலத்தை நாஞ்சில் நாட்டு வெள்ளாளரிடையே கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதி எடுத்துக்காட்டினார். 1925-இன் நாயர் சட்டம் ஆளுக்கு ஆள் பாகம் கேட்கும் உரிமையைத் தந்தது. நியாயமான உரிமைதான். ஆனால் நாலுகெட்டை நான்காகப் பிரிக்க முடியாது. பாகம் பிரித்தபின் பல வீடுகள் கழற்றப்பட்டுத் தூணும் கதவும் அறைப்பலகையுமாக மரவியாபாரிகளிடம் சென்றன. சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் திருவனந்தபுரம் பகுதி மரவீடு ஒன்று இப்படிக் கழற்றி மீண்டும் நிறுத்தப்பட்டுள்ளது. பிழைத்தவை மிகச் சில.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் அதன் உடைமையும் பராமரிப்பும் கேரளத் தொல்லியல் துறையிடமே உள்ளன. இரு மாநிலங்களும் ஒரு வீட்டைச் சச்சரவில் இழக்காமல் காத்த ஏற்பாடு இது. 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேச உலக மரபுச் சின்னப் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது.

கொல்லயிலிலும் பாறசாலையிலும் களியக்காவிளைக்குத் தெற்கேயும் தறவாட்டு வீடோ ஓலைப்புரையோ வைத்திருப்பவர்கள், அதை இடிக்கும் முன் அறையின் அளவையும் கூரையின் கட்டுமானத்தையும் குறித்து, படம் எடுத்து, அங்கே யார் வாழ்ந்தார்கள், யார் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள் என்பதை வீட்டின் மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.