அம்முச்சியின் வெள்ளைச் சீலை

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் அந்தச் சீலை ஒரு மஞ்சப்பைக்குள் வந்து இறங்கியது. பொள்ளாச்சி பஸ்ஸில் வழி நெடுக அம்மா அதை மடியிலேயே வைத்திருந்தாள்.

கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகளும் அவள் கூட்டாளிகளும் ஒரு குறும்படம் எடுத்தார்கள். பேய்ப்படம்தான், ஆனால் சிரிக்கவும் வைக்கும் பேய்ப்படம். பேய்க்கு வெள்ளைச் சேலை வேண்டுமே என்று ஒப்பணக்கார வீதியில் புதுசு ஒன்று வாங்கினார்கள். கேமராவுக்கு அது ஒத்துவரவில்லை. துணி பளீரென்று எரிந்தது, கட்டியிருந்த பெண்ணின் முகம் இருண்டுபோனது. இப்படிப்பட்ட புது வெள்ளையை டீத்தண்ணீரில் முக்கி மங்கவைப்பது சினிமாவில் பழைய வழக்கம். விஷயம் அம்மா காதுக்குப் போனது. "டீத்தண்ணி எதுக்குங் கண்ணு? அம்முச்சி சீலை பொட்டீல சும்மாதான கெடக்குது" என்றாள்.

அது வெறும் சீலை அல்ல, கோடி. 1971இல் அம்மாவின் அப்பாவான அப்புச்சி இறந்தபோது அம்முச்சிக்கு வயது முப்பத்து நான்கு. பிறந்த வீட்டுக் கோடி என்று அவளுடைய அண்ணன் கொண்டுவந்து போட்ட நூல் சீலை. கொங்குக் குடியானவர் வீடுகளில் அன்று அந்தக் கோடி வெள்ளையாகத்தான் வரும், அதோடு ரவிக்கையும் போய்விடும். இதே கொங்கு மண்ணில், ஈரோட்டில், 1909இலேயே பெரியார் தன் தங்கையின் மகளுக்கு, பால்ய விதவையான அந்தக் குழந்தைக்கு, மறுமணம் செய்துவைத்தார். அந்தக் காற்று எங்கள் ஊர் எல்லையைத் தாண்டி வர அறுபது வருஷம் போதவில்லை.

அம்முச்சி அந்த வெள்ளையில் நாற்பது வருஷம் வாழ்ந்தாள். விடியக்காலையில் யாராவது மாட்டுச் சந்தைக்கோ பெண் பார்க்கவோ கிளம்பினால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். கல்யாண வீட்டில் அவள் இடம் அடுப்படி. மணவறைப் பக்கம் வரமாட்டாள். நடந்தால் சத்தம் கேட்காது. இருட்டில் நிற்பவள், நல்ல காரியத்தில் முகம் காட்டாதவள், எதிரே வந்தால் காரியம் கெட்டுவிடும் என்று ஊரே ஒதுங்கியவள். பேய் என்று நாம் சொல்வதற்கு இதற்குமேல் என்ன இலக்கணம் வேண்டும்? தமிழ் சினிமா பேய்க்கு உடை தேடி அலையவே இல்லை. வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்றவளின் உடையை எடுத்துக்கொண்டது.

அந்த உடையை எடுத்துக்கொண்ட சினிமாவுக்கு எங்கள் ஊர் தூரமும் இல்லை. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிவிட்டு, 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். தென்னிந்தியாவின் முதல் நிரந்தரத் திரையரங்குகளில் ஒன்று அது. அது இருந்த இடத்துக்கு உக்கடத்திலிருந்து டவுன்ஹால் தாண்டி நடந்தே போய்விடலாம். பிறகு சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இங்கேயே வந்தன. கறுப்பு வெள்ளைக் காலத்தில் இருட்டுக்குள் ஒளியை ஏந்திக் காட்ட வெள்ளைச் சேலையைவிடத் தோதான துணி கிடையாது.

1966இல் வந்த 'யார் நீ?' படத்தில் ஜெயலலிதா வெள்ளைச் சேலையில், பி. சுசீலாவின் குரலில், பனிமூட்டத்துக்குள் நடந்தார். 1964இல் வந்த 'வோ கௌன் தீ' இந்திப் படத்தின் தழுவல் அது. நாயகனைப் பயமுறுத்திய அந்த உருவம் கடைசியில் பேயே இல்லை. சொத்துக்காக உறவுக்காரன் ஒருவன் போட்ட திட்டம் அது. பேயை உண்டாக்கியவன் ஆண், அவனுக்கு வேண்டியது சொத்து, அதற்குச் சேலை கட்டி நடந்தவள் பெண். எங்கள் வீட்டிலும் அம்முச்சி பேருக்கு வரவேண்டிய மூன்று ஏக்கர் தோட்டம், 'வெள்ளைச் சீலைக்காரிக்கு எதற்குக் காடு தோட்டம்' என்ற ஒரே பேச்சில் கைமாறிப்போனது. அதனால் அந்தப் படத்தின் முடிவு எனக்குத் திருப்பமாகவே தெரிந்ததில்லை.

2011இல் ராகவா லாரன்ஸின் 'காஞ்சனா' வந்தபோது சேலை சிவப்பானது. சரத்குமார் நடித்த திருநங்கை காஞ்சனாவின் நிலத்தை அரசியல்வாதி பிடுங்கிக்கொண்டு அவளைக் கொல்கிறான். அவளுடைய ஆவி, இருட்டுக்குப் பயந்து அம்மாவைத் துணைக்கு அழைக்கும் ஓர் ஆணின் உடம்புக்குள் வந்து சேலை கட்டுகிறது. முதல் பாதியில் சேலை கட்டிய ஆணைப் பார்த்துத் தியேட்டர் சிரித்தது. பின்பாதியில் அதே தியேட்டர் அழுதது. அந்தச் சிரிப்புக்காக நாம் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். படம் அதைக் கேட்கவில்லை, ஆனால் அழவைத்ததே பெரிய காரியம்.

அதற்குப் பின்னால் வந்த பேய்க் காமெடிகளை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பெண்ணைச் சீரழித்துக் கொல்வது அவற்றில் பலவற்றுக்கு இடைவேளைக்குப் பிறகு வரும் பத்து நிமிஷக் கதை. மற்ற நேரமெல்லாம் அவள் நாற்காலியை நகர்த்தி நகைச்சுவை நடிகரைக் கத்தவைக்க வேண்டும், அவ்வளவுதான். பயமும் அவளைப் பார்த்து, சிரிப்பும் அவளைப் பார்த்து. கொன்றவர்களைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

சிரிப்பை அந்தப் பக்கம் திருப்பிய படம் 2018இல் இந்தியில் வந்தது: 'ஸ்திரீ'. ராஜ், டீகே எழுத, அமர் கௌஷிக் இயக்கினார். மத்தியப் பிரதேசத்தின் சந்தேரியில் திருவிழா நாட்களில் ராத்திரியானால் ஆண்கள் வெளியே போகக் கூடாது. தனியாகப் போனவனைப் பேய் தூக்கிக்கொண்டு போய்விடும், அவன் போட்டிருந்த உடுப்பு மட்டும் தரையில் கிடக்கும். பெண்கள் பாட்டுக்கு நடமாட, ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்குகிறார்கள். நம் பெண்களுக்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் எச்சரிக்கைகள் அத்தனையையும் ஆண்களுக்குச் சொல்லிப் பார்க்கிறது படம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்போதுதான் எதற்குச் சிரிக்கிறோம் என்பது உறைக்கிறது. நாயகன் பெண்களுக்குத் துணி தைக்கும் தையல்காரன். தொண்ணூறுகளில் பெங்களூரில் வீட்டுச் சுவர்களில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைத்த கதையிலிருந்து முளைத்த படம் இது. முடிவில் அவளுக்குச் சிலை வைத்து, எங்களைக் காப்பாற்று என்று எழுதுகிறார்கள்.

உடையை வைத்து இதைச் செய்தவர்கள் வெளிநாட்டிலும் உண்டு. அனா லில்லி அமீர்பூர் 2014இல் எடுத்த பாரசீக மொழிப் படத்தில் ரத்தம் குடிக்கும் பெண்ணுக்குக் கறுப்பு சாதர்தான் சிறகு. ஒடுக்கத்தின் அடையாளம் என்று உலகம் பேசும் துணி, அதைப் பார்த்து ஆண்கள் தெருவில் வழிவிடுகிறார்கள். ஆலிஸ் லோ தன் பிள்ளைத்தாச்சி வயிற்றோடு, தானே எழுதி இயக்கி நடித்து, பதினோரே நாளில் 'ப்ரிவெஞ்ச்' எடுத்தார். அதன் நாயகி கணவனை இழந்தவள். வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை கொல்லச் சொல்கிறது, அவள் ஒவ்வொருவராகக் கொல்கிறாள். கர்ப்பிணி என்றால் சாந்தம், விதவை என்றால் அடக்கம் என்று சொல்லிவைத்தவர்களுக்கு அந்தப் படம் கொடுத்த அறையை அம்முச்சி பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

சீலைக்கு வருகிறேன். பேயாக நடித்த பெண்ணுக்கு அதைக் கட்டத் தெரியவில்லை. பின்கொசுவம் வைத்துக் கட்டும் நீளம் அது. உக்கடத்தில் அந்தப் பெண்ணின் வீட்டு மொட்டை மாடியில், பெரியகுளத்துக் காற்று அடிக்க, அம்மா கொசுவத்தை மடித்து மடித்துச் செருகிக் காட்டினாள். சலவைச் சோடாவும் நீலமும் ஏறி ஏறித் துணி பழம்பாலின் நிறத்துக்கு வந்திருந்தது. முந்தானையில் ஓரிடத்தில் முடிச்சின் சுருக்கம் எத்தனை இஸ்திரி போட்டும் போகவில்லை. அம்முச்சி வெற்றிலைக் காசை முடிந்துவைத்த இடம். கேமரா பிடித்த பையன் அந்தச் சுருக்கத்துக்குத் தனியாக ஒரு ஷாட் வைத்தான். பாங்கு சொல்லும்போதெல்லாம் படப்பிடிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

நடித்த பெண்ணுக்கு ரவிக்கை கோட்டைமேட்டில் தைத்தது. எதற்கு என்று டெய்லர் பாய் கேட்டார், என் அக்கா மகள் சொன்னாள். "எங்கம்மாவும் அத்தா மவுத்தானதுக்கப்புறம் வெள்ளைதான் கட்டுனாங்க. காசு வேண்டாம் பாப்பா" என்று சொல்லி அளவு நாடாவை மடித்து வைத்துவிட்டார்.

பதினான்கு நிமிடப் படத்தில் பேயே கிடையாது. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சீலைக்காரி எதிரே வரக் கூடாதென்று ஊர் ஆண்கள் ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் ஏறிக் குதித்துப் போகிறார்கள். ஒருவன் சாக்கடையில் விழுகிறான், ஒருவனுக்குக் கால் முறிகிறது, மாப்பிள்ளை சுவரேறப் போய் முகூர்த்தமே தவறுகிறது. பழி எல்லாம் அவள் மேல் வருகிறது. அவள் திண்ணையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டே இருக்கிறாள்.

அம்மா படத்தைப் பார்த்து முதலில் சிரித்தாள், அப்புறம் எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். அப்பா போன அன்று மாமா அம்மாவுக்குக் கொண்டுவந்து போட்ட கோடி அரக்குக் கலர். அதைத்தான் அன்றைக்குக் கட்டியிருந்தாள்.

போன மாதம் பாலக்காட்டுப் பிள்ளைகள் சிலர் நாடகத்துக்கு வேண்டுமென்று அந்த வெள்ளைச் சீலையைக் கேட்டார்கள். அதே மஞ்சப்பையில் போட்டு உக்கடத்தில் பஸ் ஏற்றிவிட்டோம். துவைத்துத் திருப்பித் தாருங்கள், முந்தானைச் சுருக்கத்தை மட்டும் நீவிவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.