உருகி காப்பது எதனை?

மின்சாரம் தாக்கித் தொழிலாளி ஒருவன் இறந்தால், "அவன் கவனமாக இருந்திருக்க வேண்டும்" என்பதே முதலில் எழும் தீர்ப்பு. மின்சாரக் கைக்கருவிகளின் வரலாறு இத்தீர்ப்பை ஏற்பதில்லை.

ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரில், 1895ஆம் ஆண்டில், பைன் தொழிலகம் மின்சாரக் கைத்துளைகருவியைச் செய்தது. அமெரிக்காவில் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம், துப்பாக்கி போன்ற பிடியும் விசையும் கொண்ட துளைகருவிக்கு 1917இல் காப்புரிமை பெற்றது. அதுவரை இயந்திரத்தை நாடித் தொழிலாளி சென்றான். இப்போது இயந்திரம் அவன் கைக்கு வந்தது. நீண்ட வயரை இழுத்துக்கொண்டு சேற்றுக்கும் ஈரச் சீமெந்துக்கும் மழைக்கும் அவனோடு சென்றது.

வயரின் உறை தேய்ந்து, உயிர்க்கம்பி கருவியின் உலோகக்கூட்டைத் தொட்டால், ஈரத்தில் நிற்பவனின் உடலே மின்சாரம் நிலத்தை அடையும் வழியாகிறது. நனைந்த உடலின் தடையை 1000 ஓம் எனக் கொள்வோம். நம் நாட்டு 230 வோல்ற்று மின்சாரத்தில் 230 மில்லி அம்பியர் அவனூடாகப் பாயும். உயிரைப் பறிக்க அது போதும். ஆனால் 500 வாற்றுத் துளைகருவி சாதாரணமாக வேலை செய்யும்போதே 2 அம்பியருக்கு மேல் எடுக்கிறது. அதனையே தாங்கும் உருகி இதற்கு அசையுமா? உருகி கம்பியைத் தீயிலிருந்து காப்பது. மனிதனைக் காக்க அமைந்ததன்று. புவிக்கம்பி காக்கும்; எனினும் இழுபடும் வயரினுள் அது அறுந்திருந்தாலும் கருவி வழமைபோல ஓடும். எவரும் அறியார்.

கலிபோர்ணியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாள்ஸ் டல்சீல் 1940களில் 134 ஆண்களையும் 28 பெண்களையும் பரிசோதித்தார். நனைந்த கையில் பற்றிய கம்பியை விட்டுவிடக்கூடிய மின்னோட்டத்தின் எல்லை, சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி அம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேல் தசைகள் இறுகிவிடும், விரல்கள் திறவா. "கையை விட்டிருக்கலாமே" என்பார்க்கு இதுவே விடை.

1961இல் அவர் ஒரு காப்புச் சாதனத்தை உருவாக்கினார். நம்மவர் 'ட்ரிப் சுவிச்' என வழங்கும் இனத்தது அது. அவ்வினச் சாதனங்கள் வேறு நாடுகளிலும் முன்னரே தோன்றியிருந்தன. செல்லும் மின்னோட்டமும் மீளும் மின்னோட்டமும் ஏறத்தாழ 5 மில்லி அம்பியர் வேறுபட்டாலே, கண்ணிமைக்கும் நேரத்துள் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

விஞ்ஞானம் வழி கண்டது. சட்டம் முதலில் யாரை நினைத்தது? அமெரிக்கத் தேசிய மின்சார விதிக்கோவை 1968இல் இச்சாதனத்தைக் கேட்டது நீச்சற்குளத்தின் நீரடி விளக்குகளுக்கு. கட்டட வேலைத்தளம் 1971ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இடம்பெற்றது. அது வேலையை வீணே நிறுத்துகிறது என்ற முறைப்பாடு எழுந்தது. 1976இல் வெளிவந்த அரச விதி, சாதனத்தைப் பொருத்துவதா, வயர்களையும் புவிக்கம்பிகளையும் காலந்தோறும் சோதிப்பதா என்ற தெரிவை வேலை கொடுப்போரிடமே விட்டது. இன்று சோதித்த வயர் நாளை அறுபடாதா? பிரித்தானிய வேலைத்தளங்களோ 110 வோல்ற்று முறையைக் கைக்கொண்டன. அதில் எக்கம்பிக்கும் நிலத்துக்குமிடையே 55 வோல்ற்றே உண்டு.

ஈரத்தில் கருவியை எடுக்குமுன் வயரைப் பாருங்கள், புவிமுனையை வெட்டாதீர்கள், நீரில் விழுந்த கருவியை, மின்சாரத்தைத் துண்டிக்காமல் தொடாதீர்கள். இவை யாவும் வேண்டியனவே. ஆயினும் பத்து மணிநேரம் உழைத்துக் களைத்தவனின் கவனத்தை மட்டும் நம்பியிருக்கும் பாதுகாப்பு, பாதுகாப்பாகாது. வகுப்பறையில் ஓமின் விதியைக் கற்பிக்கும் ஆசிரியர், அக்கணக்கின் விடையில் ஒரு மனித உயிர் தங்கியிருப்பதையும் சேர்த்தே கற்பிக்கட்டும்.