கல் சொல்லும் கணக்கு

கண்டமங்கலத்துக்கு வடக்கே, திருவக்கரையில், மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. அசுரனின் எலும்புகள் என்பது ஊர்க்கதை. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமை என்பது ஆய்வுக் கணக்கு. கதையைக் கோயில் கூறட்டும். வகுப்பறை எதைக் கூறுவது?

இவ்வினா நீதிமன்றமே ஏறியதுண்டு, தோழர்களே! 1925-இல், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மனிதன் கீழ்நிலை உயிரினின்று தோன்றினான் எனக் கற்பித்த குற்றத்துக்கு(!) ஸ்கோப்ஸ் எனும் ஆசிரியருக்கு 100 டாலர் தண்டம் விதித்தனர். 1968-இல், அர்க்கன்சா மாநிலத்தின் அத்தகைய தடைச் சட்டம் செல்லாதென்றது அந்நாட்டு உச்சநீதிமன்றம். பரிணாமம் கற்பித்தால் படைப்புக் கொள்கையையும் அறிவியலெனக் கற்பித்தாக வேண்டும் என்றது லூசியானா. 1987-இல் அச்சட்டமும் வீழ்ந்தது.

இங்கோ வழக்குமில்லை, வாதமுமில்லை! 2018-இல், மத்திய மனிதவளத்துறை இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை தவறு, பாடத்திட்டம் மாற வேண்டும் என்றார். அறிவியலாளர் கண்டித்தனர். 2023-இலோ, சுமைக் குறைப்பு எனும் பெயரால், என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலினின்று பரிணாமம் மறைந்தது. பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் உண்டே என்றனர். உயிரியல் எடுக்காத மாணவன் எங்கே பயில்வான்?

படைப்புக் கதையைப் பாடமாக்கும் தொல்லை எதற்கு? பரிணாமத்தை நீக்கினாற் போதும். வெற்றிடத்தில் கதை தானே வந்தமரும்!

தமிழகப் பத்தாம் வகுப்பு நூலில் அப்பாடம் இடம்பெற்றிருக்கிறது. அதனைக் காப்பது, கரும்பலகை முன் நிற்கும் நம் கடன். மாணவரைத் திருவக்கரைக்கு அழைத்துச் செல்வோம். 'இத்தனை கோடி ஆண்டுகளா? எப்படித் தெரியும்?' எனக் கேட்கட்டும். அதற்கு விடை கூறும் உரிமையை எவரிடமும் ஒப்படைக்க மாட்டோம்!