கழுத்தில் ஒரு ஆபரேஷன்.. மறதி போயிடுமா? அல்சைமர் அறுவை சிகிச்சைக்கு சீனா தடை போட்டது ஏன்?

பெத்த பிள்ளையின் பெயரையே மறந்துபோன அப்பாவுக்கு, ஒரு ஆபரேஷன் செய்தால் ஞாபகம் திரும்பும் என்றால் எந்தக் குடும்பம்தான் வேண்டாம் என்று சொல்லும்? சீனாவில் அப்படி வேகமாகப் பரவிய ஒரு அறுவை சிகிச்சைக்கு, 2025 ஜூலையில் அந்நாட்டு தேசிய சுகாதார ஆணையமே தடை போட்டது.

என்ன ஆபரேஷன் இது?

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு, டாவ் என்ற புரதங்கள் சேர்கின்றன. மூளைக் கழிவு வெளியேறும் வழிகளில் ஒன்று, கழுத்தில் உள்ள நிணநீர் நாளங்கள். அவற்றை அருகிலுள்ள ரத்த நாளத்துடன் இணைத்துவிட்டால், கழிவு வேகமாக வடியும் என்பதுதான் கணக்கு. இதன் பெயர் எல்.வி.ஏ. மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வரும் கை வீக்கத்துக்கு ஏற்கெனவே செய்யப்படும் முறைதான் இது.

அப்புறம் ஏன் தடை?

காரணம், ஆதாரம் போதவில்லை. கழிவு வடிந்தாலும், ஏற்கெனவே அழிந்த நரம்பு செல்கள் திரும்பி வராது. "ஆபரேஷனுக்கு அப்புறம் நல்லா பேசுறார்" என்பது மட்டும் நிரூபணம் ஆகாது. அல்சைமர் நோயாளிகளுக்கு ஒரு நாள் தெளிவாக இருக்கும், மறுநாள் குழப்பமாக இருக்கும். கூடுதல் கவனிப்பு கிடைத்தாலே சிலர் சுறுசுறுப்பாகத் தெரிவார்கள். அதனால்தான் ஒப்பீட்டு ஆய்வு அவசியம்.

முன்பே நடந்த சோதனை

அமெரிக்கா, கனடாவில் 42 அல்சைமர் நோயாளிகளின் மூளைக்குள் மின்முனைகள் பொருத்தப்பட்டன. ஞாபகத்தோடு தொடர்புடைய நரம்புப் பாதையை மின்சாரத்தால் தூண்டுவதுதான் திட்டம். ஆனால் பாதிப் பேருக்கு மட்டுமே கருவி 'ஆன்' செய்யப்பட்டது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், இரு தரப்புக்கும் ஞாபகத் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

ஆபரேஷனால் சரியாகும் மறதியே இல்லையா?

இருக்கு. மூளையில் நீர் தேங்குவது, தலையில் அடிபட்டு ரத்தம் உறைவது போன்ற காரணங்களால் வரும் மறதி, அறுவை சிகிச்சையால் குறைய வாய்ப்புண்டு. பி12 குறைபாடு, தைராய்டு பிரச்சனையாலும் மறதி வரும். அதற்கு மாத்திரை, ஊசியே போதும். ஆனால் இவை எதுவும் அல்சைமர் இல்லை.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

• மறதிக்குக் காரணம் அல்சைமர்தான் என்று உறுதியாகிவிட்டதா?

• இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா, ஆராய்ச்சியா?

• ஆராய்ச்சி என்றால், நெறிமுறைக் குழு அனுமதி இருக்கா? எதற்காக பணம் கேட்கிறார்கள்?

• வயதானவருக்கு மயக்க மருந்து கொடுப்பதால் குழப்பம் அதிகமாகுமா?

இதற்கெல்லாம் தெளிவான பதில் கிடைக்கும் வரை, கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம்.