பள்ளம் சொல்லும் வரலாறு

ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையருகே மொசாம்பிக் தீவு என்றொரு சிறு தீவு. நீளம் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். அராபிய வணிகர் வந்துபோன அத்துறைமுகத்தில் 1498ஆம் ஆண்டு வாஸ்கோடகாமா கால்வைத்தார். 1558இல் போர்ச்சுகீசியர் கோட்டை கட்டத் தொடங்கினர். 1898 வரை அதுவே அவர்தம் கிழக்கு ஆப்பிரிக்க ஆட்சியின் தலைநகர். அடிமைகளைக் கப்பலேற்றிய துறையும் அதுவே!

வடக்கே சுண்ணாம்பு பூசிய கல் மாளிகைகள். அவற்றின் தட்டைக் கூரையில் விழும் மழைநீர், குடிநீராகத் தொட்டியில் சேரும். தெற்கே தென்னோலை வேய்ந்த குடிசைகள். ‘மக்கூத்தி’ நகரம் என்பர்.

மாளிகைக்குக் கல் வந்தது எங்கிருந்து? தென்பகுதி நிலத்தை வெட்டியன்றோ எடுத்தனர்! வெட்டிய பள்ளமே உழைத்தவனுக்கு வீட்டுமனையாயிற்று. தெரு மேலே, குடிசை கீழே! மழை மாளிகைக்குக் குடிநீர் தரும். குடிசைக்கு வெள்ளம் தரும். இத்தாழ்வு இயற்கை வகுத்ததன்று, தோழர்களே; கடப்பாரை வகுத்தது!

1975இல் நாடு விடுதலை பெற்றது. 1991இல் யுனெஸ்கோ அத்தீவை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கல்லையும் ஓலையையும் சேர்த்தே ஏற்றது. நன்று! ஆனால், மாளிகையின் எழிலை வியப்போர் அந்தப் பள்ளத்தையும் எட்டிப் பார்க்கட்டும். கட்டியவன் யார் என்பதைக் கல் மறைக்கலாம், பள்ளம் மறைக்காது!