மாத்லாக் கரையில் தளிர்க்காத நகரம்

நாம் பணிபுரிவது கல்கத்தாவின் சியால்டாவில். உற்றார் வாழ்வது குட்வில் எஸ்டேட்டில். விடுமுறையில் இங்கு வரும்போதெல்லாம் சங்கத்து அன்பர்கள், "திக்லிபூருக்கு இரயில் எப்பொழுது ஐயா வரும்?" என்று வினவுவர். போர்ட் பிளேயரினின்று, அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தினின்று, திக்லிபூர் வரை 240 கிலோமீட்டர் இருப்புப் பாதை இடும் திட்டம் 2017-இல் பத்திரிகைகளில் பெரிதும் பேசப்பட்டதன்றோ? விடையாக நாம் கூறும் பழங்கதை ஒன்றுண்டு. அது நம் சியால்டாப் பாதையின் கதையே.

ஹூக்ளி நதி தூர்ந்துவிடுமோ என அஞ்சிய கல்கத்தா வர்த்தகர்கள், 1853-இல் அரசினரிடம் முறையிட்டனர். தென்கிழக்கே மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுக நகரம் காண அரசு நிலம் வாங்கிற்று. 'மாத்லா' என்பது வங்காளியில் வெறிகொண்டதைக் குறிக்கும். பெயரைக் கேட்டேனும் ஒருவர் தயங்கியிருக்கலாம்!

ஒருவர் தயங்கவே செய்தார். அவர் ஹென்றி பிடிங்டன்; கல்கத்தாவில் கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்தின் தலைவர். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று 'சைக்ளோன்' என்னும் பெயரை 1848-இல் ஆக்கியவரும் அவரே. புயலோடு கடல் ஏறிவந்து 5 முதல் 15 அடி வரை ஊரை மூழ்கடிக்கும் நாள் வரும் என்று அவர் 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். காகிதம் கோப்பில் உறங்கியது. எழுத்தர் தொழில் புரியும் நமக்கு இது புதுமையன்று. பிடிங்டன் 1858-இல் மறைந்தார்.

அவ்வாண்டே இத் தீவுகளில் கைதிகள் குடியிருப்பை நிறுவிய அரசின் தலைவர் கானிங் பிரபு. அவர் பெயரே மாத்லா நகருக்கும் வாய்த்தது. 1862-இல் அங்கே நகராண்மைக் கழகம் தோன்றியது. 1863-இல் கல்கத்தாவினின்று 28 மைல் இருப்புப் பாதையும் வந்து சேர்ந்தது. 1864 அக்டோபரில் பெரும்புயல் ஹூக்ளி வழியே பேரலையை ஏற்றிக் கல்கத்தாவையே கலக்கியது. எனினும் என்ன? அடுத்த ஆண்டே போர்ட் கானிங் கம்பெனி எழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தியில் பொருளீட்டிய பம்பாய்ச் செல்வர்கள் அதன் பங்குகளைப் போட்டியிட்டு வாங்கினர். ஊர் எழும்புமுன் பங்கின் விலை விண்ணை எட்டியது.

1867 நவம்பர் 1-இல் புயல் வந்தது. ஆறடி உயரத்துக்குக் கடல்நீர் புகுந்தது. ஸ்டேஷன் கட்டடமும் சரக்குக் கொட்டகைகளும் இரயில்வே ஹோட்டலும் வீழ்ந்தன. இறங்குதுறையின் பெரும்பகுதி அடித்துச் செல்லப்பட்டது. வருவாயற்ற பாதையை 1868-இல் அரசே ஏற்றது. சில ஆண்டுகளில் கப்பல்களும் வருவதை நிறுத்தின.

பாதை மட்டும் பிழைத்தது. இன்றும் கானிங் லோக்கல் வண்டிகளில் மீன் கூடைகளும் நகரத்து வீடுகளுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களும் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றனர். துறைமுகம் எங்கே என்று கேட்பாரில்லை.

அன்பர்களே, 2004 டிசம்பர் 26-க்குப் பின் நிலம் தாழ்ந்து, சிப்பிகாட்டு வயல்களில் உப்புநீர் நின்றதை நீங்கள் கண்ணாரக் கண்டவர்கள். திக்லிபூர்ப் பாதைக்கு அளவை செய்ய அதிகாரிகள் வருங்கால், அவ் வயல்களுக்கு உரியவர்களையும் அழைத்துச் சென்று, நீர் எதுவரை வந்தது என்று காட்டுங்கள். வரைபடத்தில் அதையும் குறித்தார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி வரும் நாளைப் பின்னர்க் கேட்கலாம்.